கடல் இல்லாத ஊரில் கப்பல் முடிச்சு

“கப்பல் முடிச்சைப் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போக வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, போனால் போகிறது கடலூர். நீர் என்னடாவென்றால் களமருதூருக்குக் கிளம்பியிருக்கிறீரே, ஸார்!” என்றார் நம் ஓவியர்.

பஸ் அப்போது திண்டிவனத்தைத் தாண்டிக் கொண்டிருந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை. களமருதூர் என்ற பெயரில் களம் இருக்கிறது, மருத மரம் இருக்கிறது. கடலுக்கு அதில் இடமே இல்லை. உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகா, கள்ளக்குறிச்சி ஜில்லா. 2019-ல் விழுப்புரத்திலிருந்து தனிக்குடித்தனம் போன ஜில்லா அது. மேற்கே போனால் கல்வராயன் மலை. கிழக்கே கடல் தண்ணீரில் கால் நனைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போக வேண்டும். நடுவில் கரும்பு, நெல், வேர்க்கடலை. ஆக, கடல் கிடையாது, கடலைதான் உண்டு. அதையும் அந்தப் பக்கத்து மனிதர்கள் ‘மல்லாட்டை’ என்று சொல்லி, கடலின் வாசனையே இல்லாமல் செய்துவிடுவார்கள்!

ஆனால் அங்கே என் பெரியப்பா இருக்கிறார். 36 வருஷம் சரக்குக் கப்பலில் உத்தியோகம் பார்த்தவர். விசாகப்பட்டினத்தில் ‘மேகலா’ என்ற பயிற்சிக் கப்பலில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டு, சாதாரணக் கலாசியாகச் சேர்ந்து, ‘ஸாரங்’ ஆகி ஓய்வு பெற்றார். ஸாரங் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஓய்வு பெற்றவுடன், “இனிமேல் எனக்குத் தண்ணீரே வேண்டாம்” என்று பெரியம்மாவின் ஊரான களமருதூருக்கு வந்துவிட்டார்.

விஷயம் ஆரம்பித்தது எங்கள் வீட்டில். சென்னையில் ஒரு கைவினைப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே கயிற்றில் பின்னிய கையணி ஒன்றை என் மனைவி எடுத்துப் பார்த்தாள். விலை 650 ரூபாய். “அடேயப்பா! உங்கள் பெரியப்பா இதே மாதிரி ஒன்றை நம் சாவிக்கொத்துக்குப் போட்டுக் கொடுத்தாரே! நாம் அதை மாட்டுத் தொழுவத்துச் சாவிக்கல்லவா கொடுத்துவிட்டோம்!” என்றாள். மறுநாள் இதை ஆபீஸில் சொன்னேன். ஆசிரியர் காதில் விழுந்துவிட்டது. ஓவியரும் நானும் பஸ் ஏறிவிட்டோம்.

பெரியப்பாவின் வீடு ஊருக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் நுழையும்போதே கப்பல் வாடை அடிக்கும். படலை மூடும் கயிறு, பசுவின் கழுத்துக் கயிறு, பூஜை மணியில் தொங்கும் குஞ்சலம், கதவுத் திரையை ஒதுக்கிக் கட்டும் நாடா, எல்லாம் முடிச்சு மயம். ஓவியர் செருப்பைக் கழற்றுவதற்குள் பென்ஸிலை எடுத்துவிட்டார்.

“மாட்டுக் கழுத்திலே போடற முடிச்சு இறுகவே கூடாது. இறுகினா மாடு போச்சு. கப்பல்லே ஆளை இடுப்பிலே கட்டி இறக்கறதுக்கும் அதே முடிச்சுதான். ‘போலைன்’னு பேரு. முடிச்சுக்கெல்லாம் ராஜா” என்று பெரியப்பா பசுவை உதாரணம் காட்டி ஆரம்பித்தார். “இறுகறது பெரிசில்லே, தம்பி. வேணும்கிறபோது அவிழணும். நம்ம கட்டுமரத்தையே எடுத்துக்கோ. ஆணியே இல்லாமக் கயிற்றாலே கட்டினது. கடல்லே மலை மாதிரி அலை வந்தாலும் அவிழாது. கரைக்கு வந்தா, அவுத்துப்போட்டு மரத்தைக் காய வெப்பாங்க. அடிக்கிற வெயில்லே காய்ஞ்சாத்தான் மறுநாள் மிதக்கும்.”

அந்தக் கட்டுமரம்தான் இங்கிலீஷ்காரர் வாயில் புகுந்து ‘கேட்டமரான்’ ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது பல கரைகளில் அதன் இடத்தை ஃபைபர் படகு பிடித்துக் கொண்டுவிட்டது. முடிச்சுக்குப் பதில் பிசின்.

கூடத்தில் உட்கார்ந்ததும் ஒரு டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. உள்ளே நகைக்கடையே இருந்தது. ஆனால் குந்துமணி தங்கம் கிடையாது, அத்தனையும் கயிறு. வெள்ளைப் பருத்திக் கயிற்றில் கைவளைகள். பட்டாணி அளவில் முடிந்த ‘குரங்கு முஷ்டி’த் தோடுகள். இரண்டு கயிறுகள் ஒன்றை ஒன்று தழுவிக் கொண்டு எட்டுப் போல வளையும் ‘காரிக்’ முடிச்சில் ஒரு பதக்கம். இடுப்புக் கச்சைகள்.

குரங்கு முஷ்டி என்றால் சிரிக்காதீர்கள். கப்பலைக் கரையில் கட்டும் வடம் நல்ல பருமனாக இருக்கும். அதை யாராலும் வீச முடியாது. அதனால் முதலில் ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதன் நுனிக்குக் கனம் வேண்டுமே! அதற்காக நுனியை மூன்று திசையிலும் மும்மூன்று சுற்றுச் சுற்றி உருண்டையாக்குவார்கள். அதுதான் குரங்கு முஷ்டி. கரையில் நிற்கிற ஆள் மெல்லிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பெரிய வடம் வரும். சிலர் உருண்டைக்குள் ஈயத்தை வைத்துவிட, கரையில் நின்றவர் மண்டை உடைந்த கதைகள் உண்டு. அப்பேர்ப்பட்ட முஷ்டிதான் சின்னதாகிப் பெண்களின் காதில் ஆடுகிறது.

இந்த வேலையெல்லாம் கப்பல்காரர்களுக்கு எப்படி வந்தது? பொழுது போகாமல் வந்தது. பாய்க்கப்பல் காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் போனால் திரும்பி வர மூன்று நான்கு வருஷம் ஆகும். காவல் முறை முடிந்த மாலுமிக்குப் படிக்கப் புத்தகம் கிடையாது, பார்க்க மனிதர் கிடையாது. கையில் கிடைத்தது கயிறுதான். மணிக்குத் தொங்கட்டான், கத்திக்கு உறை, ஊரில் இருப்பவளுக்குக் கச்சை என்று முடிந்து தள்ளினார்கள். ஆஷ்லி என்ற அமெரிக்க ஓவியர் ஒருவர் திமிங்கிலக் கப்பல்களில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, 11 வருஷம் உழைத்து, 1944-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 3,800-க்கு மேற்பட்ட முடிச்சுகள்!

“அந்தப் புத்தகத்துலே எங்க வீட்டு உறி இருக்கான்னு கேளுடா” என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

பெரியம்மா காப்பியோடு வந்தாள். “இவர் வரும்போதெல்லாம் ஒரு சென்ட்டு பாட்டில், ஒரு நைலான் புடவை, கூடவே ஒரு மூட்டைக் கயிறு. எங்க ஊர்லே மாட்டுக்கு இல்லாத கயிறா? முப்பத்தாறு வருஷத்திலே இவர் வீட்டிலே இருந்த நாளைக் கூட்டினா எட்டு வருஷம் தேறுமா, கேளு. பெரியவன் பொறந்தப்போ இவர் எங்கேயோ ஆஸ்திரேலியாப் பக்கம். கயிறு பின்னிட்டு இருந்தாராம்!”

பெரியப்பா காப்பியை ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் பெரியம்மா சொன்னதில் சரக்கு இருக்கிறது. இன்று பட்டணத்து வீடுகளில் ‘மக்ரமே’ என்று சொல்லி, கயிற்று வலையில் பூந்தொட்டியைத் தொங்க விடுகிறார்களே, அது என்ன? கிருஷ்ணன் வெண்ணெய் திருடிய உறிதான்! கப்பலில் பொருள் உருளாமல் வைக்கும் கயிற்று வளையம் நம் சமையலறைப் பிரிமணைக்கு உடன்பிறப்பு. முத்து மாலை கோப்பவர்கள் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். நூல் அறுந்தால் ஒரு முத்தோடு போகும். பாக்கியெல்லாம் கழுத்திலேயே நிற்கும். இவ்வளவும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க, கப்பலில் வந்தால்தான் நமக்குக் கண் தெரிகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் திண்ணையில் மல்லிகை தொடுத்துக் கொண்டிருந்தாள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுப்பு. எண்ணிப் பார்க்க முயன்று ஓவியர் தோற்றுப் போனார். “இந்த வேகத்துக்கு எங்க கப்பல்லே ஒருத்தன் கிடையாது” என்றார் பெரியப்பா. முழத்துக்குக் கிடைப்பது சொற்பம். மாலைக்குள் விற்காவிட்டால் அதுவும் இல்லை. “கயிறு வாடாது, பார்த்துக்கோ” என்று சொல்லி அவளுக்கு இரண்டு கைவளை கற்றுக் கொடுத்திருக்கிறார் பெரியப்பா. இந்த ஜில்லாவின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கயிற்றுக்கு என்ன கிடைக்கும் என்று அவள் கேட்டால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நல்ல வேளை, அவள் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. முதல் முடிச்சு ‘ரீஃப்’. பாய்மரத்துப் பாயைச் சுருட்டிக் கட்டுவது. வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒரு முடி. பிறகு இடதை வலதின் மேல் போட்டு ஒரு முடி. சரியாகப் போட்டால் இரண்டு நுனியும் ஒரே பக்கத்தில் அடக்கமாக வந்து நிற்கும். நான் இரண்டு தரமும் வலதையே மேலே போட்டேன். முடிச்சு கோணிக் கொண்டு நின்றது.

“இது தப்பு. இழுத்தா வழுக்கும். வெள்ளைக்காரன் இதுக்கு ‘பாட்டி முடிச்சு’ன்னு பேர் வெச்சிருக்கான்” என்றார் பெரியப்பா.

“எந்தப் பாட்டியைக் கேட்டு வெச்சானாம்?” என்று பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்தப் பாட்டி கட்டின பால்மாட்டுக் கயிறு அவிழ்ந்து போச்சு?”

ரீஃப் முடிச்சுக்கு வயது அதிகம். கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கப் பொற்கொல்லர்கள் இதையே பொன்னில் செய்து, நெற்றியணிக்கும் கைவளைக்கும் நடுநாயகமாக வைத்தார்கள். ஹெர்குலிஸ் முடிச்சு என்று பெயர். ரோமாபுரியில் மணப்பெண்ணின் இடைக் கச்சையை இந்த முடிச்சால் கட்டுவார்கள். அதைக் கணவன்தான் அவிழ்க்க வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னதும் பெரியம்மா, “அங்கே புருஷன் அவிழ்க்கிறான். இங்கே மூணு முடிச்சுப் போட்டுட்டுக் கப்பல் ஏறிடறான்” என்றாள். பெரியப்பா இந்தத் தடவை வெற்றிலையில் மும்முரமானார்.

அடுத்தது ‘துருக்கித் தலை’. தலைப்பாகை போல இருப்பதால் அந்தப் பெயர். பொருட்காட்சியில் 650 ரூபாய்க்கு இருந்தது இதுதான். பெண்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூன்று கால் ஜடையை வட்டமாக வளைத்து, ஆரம்பமும் முடிவும் தெரியாமல் மறைத்துவிட்டால் அதுதான் துருக்கித் தலை. ஆனால் ஜடைக்கு மூன்று கற்றை. இதற்கு ஒரே கயிறு. அந்த ஒரே கயிறு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் என்று ஊர் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். பருத்திக் கயிற்றில் கொஞ்சம் தளரப் பின்னிக் கையில் போட்டுக் கொண்டு தண்ணீரில் நனைத்தால், காய்ந்ததும் சுருங்கி மணிக்கட்டுக்கு அளவெடுத்த மாதிரி உட்காரும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று கால், ஓரத்தில் ஐந்து வளைவு என்றால் ஒரே கயிற்றில் முடியும். மூன்று கால், ஆறு வளைவு என்றால் எந்தக் கப்பல்காரன் தலைகீழாக நின்றாலும் முடியாது. மூன்று தனிக் கயிறு கேட்கும். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற பொது எண் ஒன்று இருக்கக் கூடாது. “இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆச்சு. எவ்வளவு கயிறு வீணாச்சு தெரியுமா?” என்றார் பெரியப்பா.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தரையில் ஐந்து புள்ளியாக மூன்று வரிசை வைத்தாள். கை எடுக்காமல் சிக்குக் கோலத்தை இழுத்தாள். ஒரே கம்பி, எல்லாப் புள்ளியையும் வளைத்துக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டது. பக்கத்தில் ஆறு புள்ளியாக மூன்று வரிசை. கம்பி பாதியிலேயே மூடிக் கொண்டது. இன்னொரு கம்பி, அப்புறம் மூன்றாவது கம்பி போட்ட பிறகுதான் நிறைந்தது. “இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்? எட்டு வயசிலே தெரியும்” என்று பொடியைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

நானும் ஓவியரும் பெரியப்பாவைப் பார்த்தோம். பெரியப்பா கோலத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். கடலூரில் வேலை பார்க்கிற பெண். வரவேற்பின் போது தங்கம் வேண்டாம், தாத்தா முடிந்த மாலையும் வளையும்தான் போட்டுக் கொள்வேன் என்று சொல்லிவிட்டாளாம். தோழிகளுக்கும் பன்னிரண்டு கைவளை. சிவப்புக் கயிறு வாங்கி ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிட்டார். பாதி வேலை ஒரு கித்தான் பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினார். முடிச்சு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், காலையிலிருந்து அவர் கை நடுங்குவதைப் பார்த்துக் கொண்டிருந்தேன். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது.

ஓவியர் மாலையின் பதக்கத்தைப் படம் எழுதிக் கொண்டிருந்தார். கயிற்றைப் படம் எழுதுவதைப் போலக் கஷ்டம் உலகத்தில் இல்லை என்று அலுத்துக் கொண்டார். வெற்றிலைத் தட்டை எடுக்க வந்த பெரியம்மா குனிந்து படத்தைப் பார்த்தாள். “தம்பி, இந்த இடத்திலே மேலே போகக் கூடாது, கீழே போகணும். இதுக்கு முன்னாடி மேலே வந்தாச்சே” என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். ஓவியர் பதக்கத்தோடு ஒத்துப் பார்த்தார். பெரியம்மா சொன்னதுதான் சரி. நான் அப்போது இதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

ராத்திரி கூடத்தில் படுத்திருந்தேன். புது இடம், தூக்கம் வரவில்லை. மணி பன்னிரண்டு இருக்கும். சமையலறையில் விளக்கு எரிந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தவன், வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

பெரியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கித்தான் பை. அன்று மாலை பெரியப்பா முடித்து வைத்த சிவப்பு வளை கையில் இருந்தது. கொண்டை ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்திக் கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் கயிறு இரண்டு தரம் அடுத்தடுத்து மேலேயே போயிருந்தது. இன்னோர் இடத்தில் ஒரு கண்ணியே விட்டுப் போயிருந்தது. உதடு மட்டும் அசைய, ‘மேலே, கீழே, மேலே, கீழே’ என்று சொல்லிக்கொண்டே திரும்பப் பின்னினாள். மல்லிகை தொடுக்கிற வேகம். முடித்ததும் பையில் போட்டுக் கட்டி, பெரியப்பாவின் தலைமாட்டில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். வாயில் விரல் வைத்தாள். நான் தண்ணீர் குடிக்காமலே போய்ப் படுத்தேன்.

காலையில் பெரியப்பா என்னை மட்டும் வயல் பக்கம் அழைத்துப் போனார். தோளில் அந்தக் கித்தான் பை. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தோம்.

“நேத்து ரீஃப் முடிச்சு சொல்லிக் கொடுத்தேனே, நுனி எப்படி நிக்கும்?”

“இரண்டும் ஒரே பக்கம்.”

“இதைப் பாரு.” இடுப்பிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து முடிந்தார். கை நடுங்கியது, மூன்றாவது தடவை வந்தது. ரீஃப் மாதிரியே இருந்தது. உற்றுப் பார்த்தால், ஒரு நுனி இந்தப் பக்கம், ஒரு நுனி எதிர்ப்பக்கம்.

“இதுக்குத் திருடன் முடிச்சுன்னு பேரு. கப்பல்லே சொல்ற கதை இது. மாலுமி தன் பையை இப்படித்தான் கட்டி வெப்பானாம். திருட வர்றவன் பார்ப்பான், ஓகோ, ரீஃப்னு நினைச்சு அவிழ்ப்பான். எடுக்க வேண்டியதை எடுத்துட்டு, ரீஃப் போட்டுக் கட்டிட்டுப் போயிடுவான். காலையிலே நுனியைப் பார்த்தா, யாரோ வந்து போனது தெரிஞ்சிடும்.”

பையை என்னிடம் நீட்டினார். வாய்க்கயிற்றைப் பார்த்தேன். இரண்டு நுனியும் ஒரே பக்கத்தில் அடக்கமாக இருந்தன.

“ஐப்பசியிலேருந்து” என்றார் பெரியப்பா. “தினம் ராத்திரி நான் திருடன் முடிச்சுப் போட்டுட்டுத் தூங்கறேன். காலையிலே ரீஃப் இருக்கு.”

“பெரியம்மாவிடம் சொன்னீர்களா?”

“சொன்னா நிறுத்திடுவாளே, தம்பி. எனக்கு வளை பாக்கி நிக்குது” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆளை வீட்டிலே விட்டுட்டு நான் போய் யார் யாரோடேயோ கயிறு பிடிச்சிருக்கேன், பாரு” என்றார்.

பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பெரியம்மா என் மனைவிக்கு ஒரு சிவப்பு வளையும், வழியில் சாப்பிட மல்லாட்டை உருண்டை ஒரு பொட்டலமும் கொடுத்தாள். உளுந்தூர்ப்பேட்டையில் சென்னை பஸ் பிடித்து உட்கார்ந்ததும் ஓவியருக்குப் பசி வந்துவிட்டது. பொட்டலத்தின் சணல் கயிற்றைப் பல்லால் கடிக்கப் போனார்.

“பொறும், ஐயா!” என்று பிடுங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு ரீஃப் மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு நுனி மேற்குப் பக்கம், ஒரு நுனி கிழக்குப் பக்கம்.

“என்ன ஸார், உருண்டையைத் தின்கிற உத்தேசம் இல்லையா?” என்றார் ஓவியர்.